தெய்வத்தின் ஒழுக்கத்தை மனிதர் எடைபோடலாமா?



ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்து, இராசபாளையத்துப் பள்ளியொன்றில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலம். கொல்லாமை பற்றிப் பாடம் நடத்தியபோது மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தழை கொடுத்து வளர்த்த ஆட்டுக்கிடாயைக் கோயில் பொங்கலில் வெட்டுவதாக வீட்டார் நேர்ந்திருந்தனர். "சாமி கேட்கிறது என்கிறார்கள், டீச்சர். அப்படிக் கேட்கிற சாமி நல்ல சாமியா?" என்றான். "தெய்வத்தைக் குறை கூறலாகாது, உட்கார்" என்றோம். அன்று தராத விடையை இன்று ஆராய்வோம்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில் இவ்வினா எழுகிறது. பாஞ்சால நாட்டுக் காளி கோயிலில், அரசியின் மகப்பேற்றுக்காக உயிர்ப்பலி கொடுக்க வந்தனர். அங்குத் தவமிருந்த முனிசந்திரர், மண்ணால் விலங்குருச் செய்து படைக்கச் சொன்னார். அவ்வாறே செய்தனர். சினந்த காளி பழையனூர் நீலியிடம் முறையிட்டாள். நீலி முனிவரை அச்சுறுத்தியும் மயக்கியும் பார்த்துத் தோற்றாள். பின் அவரிடமே அறங்கேட்டுக் கொல்லாமையை ஏற்றாள்.

தெய்வப்பிறவியின் இயல்பு வேறு, அதற்கு நம் அளவுகோல் பொருந்துமா எனலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காட்டுப் புலி மானைக் கொல்வதை நாம் பழிப்பதில்லையே! உண்மைதான். ஆயினும், மகாவீரர் முற்பிறவியொன்றில் சிங்கமாயிருந்து, சாரண முனிவரின் அறவுரையால் கொலை நீத்தார் என்பது நம் புராணம். சிங்கமும் கேட்டது, நீலியும் கேட்டாள். கேட்டுத் திருந்த வல்ல உயிர் எதுவாயினும் அறத்தின் தராசுக்கு உட்பட்டதே. தேவரும் நாற்கதியுள் அடங்கியவர், ஆயுள் முடிவுள்ளவர், வெகுளி முதலிய கஷாயங்கள் நீங்காதவர். மாவிரதம் ஏற்று வீடுபெறும் வாயில் மனிதப்பிறவிக்கே உண்டு. ஆகவே எடைபோடலாம்.

ஆனால் தராசு நேராக நிற்க வேண்டும். தேவரைப் பழித்துரைப்பது தரிசன மோகனீய வினைக்கு ஏது என்கிறது தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம். தேவர் கள்ளும் ஊனும் கொள்வர் என்பதே அப்பழி என்று சர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர் விளக்குகிறார். தேவர்க்கு உணவு மானசிகமே. நினைத்த அளவில் பசி தீரும். காளியின் சினத்தைக் குற்றம் எனலாம்; அவள் ஊனுக்கு ஏங்கினாள் எனலாகாது. அப்படியாயின் கிடாய்க்கறியை உண்பவர் யார்? பந்தியில் அமர்ந்த மனிதரே. நம் நாவின் விருப்பத்தைத் தெய்வத்தின் மேல் ஏற்றுவதே பெரிய அநீதி.

முனிசந்திரர் காளியை ஏசவில்லை. வழிபடுவோரின் கையிலிருந்த கத்தியை விலக்கினார். ஐயனாருக்கு மண்குதிரை நேரும் நம் நாட்டார்க்கு அவ்வழி புதிதன்று. உயிர்ப்பலியைத் தடுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டது. இனி அறிவே காவல்.

அம்மாணவனுக்கு இன்று முதிய வயது தொடங்கியிருக்கும். இவ்விதழ் அவன் கண்ணில் பட்டால் ஒன்று சொல்வோம்: தம்பி, உன் கேள்வியில் பிழையில்லை. உன்னை உட்காரச் சொன்னதே எம் பிழை. சாமி கேட்கவில்லை, உன் ஆட்டைக் கேட்டவர் மனிதர்.