பழைய சுவருக்கு எந்தச் சாந்து?

சென்ற விடுமுறையில் குடந்தைக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா என்னைத் தெருச்சுவரின் முன் நிறுத்தினார், ஒன்றும் பேசவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன், டில்லியில் பொறியியல் படிக்க வந்த புதிதில், "சுண்ணாம்புக் காரை எதற்கு? சிமெண்டு பூசுங்கள்" என்று யோசனை சொன்னவன் நான்தான். இப்பொழுது பூச்சு உப்பி நிற்கிறது. பெயர்ந்த இடத்தில் பாட்டனார் காலத்துச் செங்கல் மாவாய் உதிர்கிறது.

காரணம் எளிது, நண்பர்களே! பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே அது ஆவியாகிவிடும். சிமெண்டு அவ்வழியை அடைக்கிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை உடைக்கிறது. பூச்சு சுவரைவிட மென்மையாக இருக்கவேண்டும் என்பதே விதி. நம் டில்லியிலுள்ள ஹுமாயூன் சமாதியின் கூரையிலிருந்தும் பிற்காலத்தார் போட்ட சிமெண்டுக் கான்கிரீட்டை ஏறத்தாழ 10 இலட்சம் கிலோ அகற்றிவிட்டுத்தான், 2013இல் முடிந்த சீரமைப்பில் சுண்ணாம்பை மீண்டும் கையாண்டார்கள்.

சரி, கலவை விகிதம்? ஒரு படி உலர்மணலில் விளிம்புமட்டும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; சுமார் மூன்றில் ஒரு படி பிடிக்கும். மணலின் இடைவெளி அவ்வளவு. அதை நிரப்பச் சுண்ணாம்பு வேண்டும். 1:3 என்று கொத்தனார்கள் சொல்லும் கணக்கின் சூட்சுமம் இதுதான்!

ஆனால் வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உண்டே இறுகும், மெதுவான வேலை. மழை அறையும் வெளிச்சுவருக்கு ஒரு பங்கு மணலுக்குப் பதில் சுர்க்கி, அதாவது செங்கற்பொடி, சேர்ப்பது நலம். சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. அளவாகச் சுட்ட செங்கல்லின் பொடியே ஏற்றது. அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். கடல்மணல் கூடவே கூடாது. உப்பை நாமே விலைக்கு வாங்குவதாகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைப் பற்றிக் கொத்தனாரோடு வாதாடாதீர்கள். நான் வாதாடித் தோற்றேன். சாந்து நன்றாகவே குழைந்தது.

அடிப்பூச்சைவிட மேற்பூச்சு வலுவாக இருத்தலாகாது. ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மேற்படாமல், வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டிப் பல நாள் காக்கவேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆதலால் தைமாதம் என்று நாள் குறித்திருக்கிறோம். சுவரின் மூலையில் ஒரு முழ அகலத்துக்கு மாதிரி பூசிவிட்டு வந்தேன். நேற்று அப்பாவின் கடிதம் வந்தது: மாதிரி மழையில் நிற்கிறதாம், கொத்தனார் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றத் தொடங்கிவிட்டாராம்.