மேடையில் ஒளிரும் மாணிக்கம்

நாகம் இரவில் மாணிக்கத்தைக் கக்கி, அதன் ஒளியில் இரை தேடும் என்பது பழைய நம்பிக்கை. அறிவியல் இதை ஏற்பதில்லை. ஆனால், அத்தகைய கதையைப் பள்ளியில் நாடகமாக நடிக்கும்போது மாணிக்கம் ஒளிர்ந்தே ஆக வேண்டும். பளபளக்கும் தாள் சுற்றிய உருண்டை, மேடை விளக்குகள் அணைந்ததும் கண்ணுக்கே தெரியாது. விருந்து முடிந்ததும் குப்பைக்குப் போகும், நிறம் மாறும் மின்மெழுகுவத்தி இங்கே கைகொடுக்கும்.

அதன் அடிப்பகுதியைத் திறந்தால் பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு பொத்தான் மின்கலம், ஒரு விசை, ஓர் எல்இடி விளக்கு, அவ்வளவுதான். நிறத்தை மாற்றும் கருவி எங்கே? அது அந்த விளக்குக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பட்டாணி அளவுள்ள குமிழுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிச்சில்லுகளும், அவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும் உள்ளன. சிவப்பொளியும் பச்சையொளியும் சேர்ந்தால் மஞ்சள் தோன்றும். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. இம்மூன்றில் நீலம்தான் அறிவியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. சிவப்பு எல்இடி 1962இல் உருவானது. பிரகாசமான நீலம் 1990களில்தான் கைகூடியது. அதற்காக, ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மாணிக்கத்தின் உடலுக்கு ஒரு வெள்ளை மேசைப்பந்து போதும். அதன் மெல்லிய சுவர் ஒளியைச் சிதறடித்து, பந்து முழுவதையும் ஒளிரச் செய்யும். பந்தில் துளையிடச் சூடான கம்பியைப் பயன்படுத்தக் கூடாது. பழைய பந்துகள் எளிதில் தீப்பற்றும் செல்லுலாய்டால் ஆனவை. கூர்மையான கருவியைக் கொண்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் துளையிடலாம். விளக்கின் நீண்ட கால் மின்கலத்தின் நேர்முனையைத் தொட வேண்டும். மாற்றி வைத்தால் ஒளி வராது.

ஒத்திகைகள் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சிக்கல் தலைகாட்டலாம். நீலமும் பச்சையும் மங்கி, சிவப்பு மட்டும் ஒளிரும். விளக்கு பழுதாகிவிட்டது என்று அதை எறிந்துவிட வேண்டாம். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. பொத்தான் மின்கலம் தருவதே 3 வோல்ட்தான். அது சற்றுத் தளர்ந்தாலும் முதலில் தடுமாறுவது நீலமும் பச்சையுமே. ஆகவே, ஒத்திகைக்குப் பழைய மின்கலத்தையும் மேடையேறும் நாளில் புதியதையும் பயன்படுத்துவது நல்லது. கழற்றிய மின்கலத்தை மேசையில் விட்டுவிடக் கூடாது. சிறு பிள்ளைகள் அதை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகும். எனவே, மின்கலம் இருக்கும் பகுதியை நாடாவால் இறுகச் சுற்றிவிட வேண்டும்.

ஒரே பந்துக்குள் இரண்டு விளக்குகளை வைத்தால் இன்னும் அழகு கூடும். இரண்டும் ஒரே நிறத்தில் தொடங்கும். ஆனால், ஒவ்வொன்றும் தன் சில்லின் கணக்குப்படியே நிறம் மாறுவதால், சிறிது நேரத்தில் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, மாணிக்கம் உயிருள்ளதைப் போலத் தோன்றும். நாடகத்துக்குச் சாலைச் சமிக்ஞை விளக்கு தேவைப்பட்டால் மட்டும் இந்த உத்தி உதவாது. அதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி விளக்கும் தனி விசையும் வேண்டும்.