சோம்பல், பஞ்சி, ஓய்வு, சும்மா

தொழில் செய்யாதிருக்கும் நிலை பார்வைக்கு ஒன்றாயினும், அதனைக் குறித்துத் தமிழில் வழங்குஞ் சொற்கள் பல. அவையெல்லாம் ஒரு பொருளனவென்றே நம் மாணாக்கரிற் பலர் கருதுகின்றனர். சொற்பொருட் குறிப்பேட்டிலே மடி என்பதற்குச் சோம்பல் எனவும், ஓய்வு என்பதற்கு வேலையின்மை எனவும் எழுதி அமைந்துவிடுகின்றனர். உபாத்தியாயராகிய நாமும் அவ்வாறே எழுதிக்கொடுத்தல் உண்டு. இதனால் வருங் குறை பரீட்சையோடு ஒழிவதன்று. ஒரு மாணாக்கனைக் குறித்து நாம் வழங்குஞ் சொல் அவன் தேர்ச்சியறிக்கையில் ஏறி, பின்னர்ப் பெற்றோர் வாயில் ஏறி, ஈற்றில் அவனுக்குப் பெயராகவே அமைந்துவிடுகின்றது.

யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த தொடக்கத்திலே, காலைப் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்த்துக் கிடக்கும் சிறுவன் ஒருவனுடைய அறிக்கையில், 'சோம்பலுடையவன்' என எழுதினேன். சில நாட் கழித்து அவன் தாயார் வந்து, சிறிதுங் கோபமின்றி, "விடியப்புறம் மூண்டு மணிக்குத் தேப்பனோட வலையில மீன் கழட்டப் போறவன், வாத்தியார், அதுதான் பிள்ளைக்குக் களைப்பு" என்றார். கல்வி அதிகம் இல்லாத அவ்வம்மையார் சொற்பொருள் அறிந்திருந்தார், யான் அறிந்திலேன்.

களைப்பு என்பது உழைப்பின் பின் வருவது. உணவாலும் உறக்கத்தாலும் நீங்குவது. சோம்பல் உழைப்பின் முன் நிற்பது. உண்டாலும் உறங்கினாலும் மிகுவதன்றிக் குறைவதன்று. சோம்பல் அசையாது கிடத்தலே என்பதும் பிழை. ஔவையார் ஆத்திசூடியிலும் கொன்றைவேந்தனிலும் சோம்பலைக் கடியும்பொழுது, கிடத்தலோடு சேர்த்துக் கூறாது திரிதலோடு சேர்த்தே கூறுதல் கவனிக்கத்தக்கது. நாள் முழுதும் தெருத்தெருவாய் அலைபவனும் சோம்பனாதல் கூடும்.

பஞ்சி என்னும் யாழ்ப்பாணத்துச் சொல்லை ஏட்டு வழக்கன்றெனச் சிலர் தள்ளுவர். அது தக்கதன்று. 'எழும்பப் பஞ்சியாயிருக்கிறது', 'கடைக்குப் போகப் பஞ்சி' என ஒருவர் தம்மைக் குறித்தே கூசாது சொல்லுவர். சோம்பல் ஒருவனுடைய குணத்தைச் சுட்டும். பஞ்சி அவ்வேளையிலே அக்காரியத்தில் மனம் செல்லாமையைச் சுட்டும். கணக்குச் செய்யப் பஞ்சிப்படும் பிள்ளை பந்தடிக்கப் பஞ்சிப்படாது. அலுப்பு இன்னும் வேறு. ஒன்றனையே திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது அது. 'அலுப்புக் கொடாதே' எனத் தொந்தரவு செய்வாரை நாம் விலக்குவதும் இச்சொல்லாலேயே. வகுப்பில் மாணாக்கர்க்கு வரும் அலுப்புக்கு மாணாக்கரே காரணராதல் அரிது.

ஓய்தல் என்பது நடந்துகொண்டிருந்தது நிற்றல். மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்பவற்றை நோக்குக. ஆகவே முன்னர்த் தொழில் செய்தானுக்கன்றி ஓய்வு இல்லை. இளைப்பாறுதலும் இத்தகையதே, இளைப்பு ஆறுதல் என்பது அதன் பொருள். பணி முடித்த ஆசிரியரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என நம் நாட்டில் வழங்கி வந்தனர். 'ஓய்வுபெற்ற' என்பதும் பொருந்துவதே. எனினும் பழைய வழக்கில் ஒரு பரிவு தோன்றுகின்றது.

மினக்கெடுதல் என்னும் வழக்கு வினைக்கெடுதல் என்பதன் மரூஉ. 'ஏன் அங்கே மினக்கெடுகிறாய்?' எனின், வீணே காலம் போக்குதல் என்று பொருள். 'மினக்கெட்டு வந்திருக்கிறார்' எனினோ, தம் வேலை கெடவும் பிறர்பொருட்டு வந்தாரென்று உபகாரப் பொருள்படும். கெட்டது தன் வினையே என்பது இரண்டிடத்தும் ஒக்கும். யார்பொருட்டுக் கெட்டது என்பதே வேறுபாடு.

திருக்குறள் கற்பிப்போர் தூங்குதல் என்னுஞ் சொல்லில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 672 ஆம் குறளில் அது காலம் நீட்டித்துச் செய்தலைக் குறிக்கும், உறங்குதலை அன்று. தொங்குதற் பொருளில் இச்சொல்லை வழங்கி, உறக்கத்தை நித்திரை என்னும் நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் எளிது. தொங்குவது ஓரிடத்தும் ஊன்றாது. நீட்டிக்கப்பட்ட காரியமும் அத்தகையது. இனி, 605 ஆம் குறள் நீட்டித்தல், மறதி, மடி, துயில் என்பவற்றை நான்காக எண்ணுகின்றது. ஒன்றாயின் நான்கென எண்ணார் ஆசிரியர்.

எல்லாவற்றினும் விரிந்தது சும்மா என்னுஞ் சொல். 'சும்மா வந்தேன்' என்பதிற் காரியம் இல்லை. 'சும்மா தந்தான்' என்பதில் விலை இல்லை. 'சும்மா சொன்னேன்' என்பதில் மெய் இல்லை. 'சும்மா சும்மா வருகிறான்' என அடுக்கியவழி, காரணமின்றி ஓயாது வருதலாய்த் தொழிலின்மைக்கு மறுதலையே ஆகின்றது. இருக்கவேண்டிய ஒன்று இல்லாமையே இவற்றிற்குப் பொது. அருணகிரிநாதர் கந்தரநுபூதியிலும், தாயுமானவர் தம் பாடல்களிலும் சும்மா இருத்தலைப் பேசுமிடத்து இல்லாதொழிவது, 'யான் செய்கின்றேன்' என்னும் எண்ணம். இதனைச் சமய பாடத்திற் சொன்னபொழுது, "சும்மா இருக்கிறதுக்கு முனிவரும் வேணுமோ?" என ஒருவன் வினவ, வகுப்பு முழுதும் சிரித்தது. நல்ல வினாவே. திருவீதி கூட்டிக்கொண்டிருப்போன் அப்பொருளிற் சும்மா இருத்தல் கூடும். திண்ணையிற் படுத்துக்கொண்டு அயலாரை எண்ணிப் புழுங்குவோன் சும்மா இருப்பவனல்லன்.

அன்று இச்சொற்களைக் கொடுத்து, தத்தம் வீட்டாரைப் பற்றி வாக்கியம் எழுதுமாறு கூறினேன். 'அம்மம்மா கோயில் மண்டபத்திற் சும்மா இருக்கிறார்' என ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அஃது எந்தச் சும்மா என்பதிற் பிள்ளைகள் இரு பிரிவினராய் வாதிட்டனர். மணி அடிக்கும்வரை அவ்வாதம் முடியவில்லை. யானும் தீர்ப்புக் கூறவில்லை.