உண்ணிச்செடியை ஒழிக்கும் முறை

நமது அங்கத்தினர்களிற் பலர் மலையடிவாரத்தில் நிலம் உடையவர்கள். மீண்டும் தழைத்து வரும் காட்டில் உண்ணிச்செடி புகுந்துவிட்டால், அதனடியில் புல் குன்றும்; வேங்கை, நெல்லி முதலிய மரங்களின் கன்றுகள் வெயில் காணாமல் நலியும். பசி மிகுந்த மாடு அதன் தழையைத் தின்றால் ஈரல் கெடும். வெயில் பட்ட தோல் புண்ணாகும். சில இறப்பதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்கு அழகுச் செடியாக வந்தது இது. அந்த அழகை நாம் போதிய அளவு கண்டுவிட்டோம்!

தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒரு தண்டு போன இடத்தில் பல துளிர்கள் எழும். தீ வைத்தாலும் அடிவேர் மீண்டும் துளிர்க்கும். நல்ல கன்றுகளோ கருகிவிடும்.

டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் வகுத்த முறை எளியது. துளிர் கிளம்புமிடம் தண்டும் வேரும் கூடும் பகுதியாகும். அதற்குக் கீழே, மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில், ஆணிவேரைக் குறுங்கொத்தால் வெட்டுதல் வேண்டும். பின்னர்ப் புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். தண்டு ஈரமண்ணைத் தொட்டால் அங்கும் வேர்விடும். வேர் முழுவதையும் தோண்ட வேண்டுவதில்லை. மண்ணைக் கிளறினால் புதைந்து கிடக்கும் விதைகளே முளைக்கும். காய் பழுக்குமுன் இவ்வேலையை முடிப்பது நலம்.

புதருக்குள் நல்ல கன்று இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் அதனருகே ஒரு குச்சி நடுக. இதுவரை முட்புதரே அக்கன்றை ஆட்டுவாயினின்றும் காத்திருக்கும்; இனி நாம் முள்வேலி இட்டுக் காத்தல் வேண்டும்.

பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவியும் மைனாவும் மரக்கிளையில் அமர்ந்து எச்சமிடும். ஆதலால் மழைக்குப் பின் பெரிய மரங்களினடியில் சுற்றிப் பார்த்து, புதிய நாற்றுக்களைக் கையாற் பிடுங்குக. வெறுந்தரையில் நாட்டுப்புல் விதை தூவாவிடில் பார்த்தீனியம் போன்ற வேறொரு களை வந்து குடியேறும். இரண்டு மூன்று ஆண்டுகள் திரும்பி வர இயலும் பரப்பை மட்டுமே தொடுதல் நன்று. பத்து ஏக்கரை ஒருமுறை வெட்டிவிட்டுப் போவது கூலிக்குக் கேடு. அரசின் காடாயின் வனத்துறையின் அனுமதி முதலிற் பெறுக.

மாதேசுவரன் மலையில் வாழும் சோளகர் இத்தண்டை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலியும் கூடையும் செய்கின்றனர். கைத்திறன் மிக்க நெசவாளர் குடும்பங்களும் இதைப் பயின்று பார்க்கலாம். ஆனால் தண்டை மட்டும் அறுத்துக்கொண்டு அடியை விட்டுவரலாகாது. அன்றே வேரையும் வெட்டிவிட வேண்டும்.