ஊத்திக் கொடுக்கிற வேலையா?

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை மாலை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைத்துக்கொண்டு இறங்குவதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே சுற்றியது. பூதலூர் ரயிலடி டீக்கடையில் நின்ற நாங்கள் ஆறிப்போன டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பேசித் திரையில் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டேகால் மணிவாக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. விமானியைப் பாராட்டாத ஆளில்லை. “உள்ளே இருந்த ஏர்ஹோஸ்டஸ் பிள்ளைகளும் எவ்வளவு தவிச்சிருக்கும்” என்றேன். பக்கத்தில் நின்றவர் சட்டென்று சொன்னார்: “அதுகளுக்கு என்னங்க, ஊத்திக் கொடுக்கிற வேலை.”

எங்கள் தெருப் பெண் ஒருத்தி இந்த வேலையில்தான் இருக்கிறாள். அவளுக்கு வரன் பார்க்கும் அம்மாவின் காதிலும் இதே பேச்சுதான் விழுகிறது. ஆகவே, ஊரில் உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: விமானப் பணிப்பெண்ணின் வேலை மது பரிமாறுவது.

உண்மை: இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் மதுவே கிடையாது. சென்னையிலிருந்து திருச்சிக்கு வருகிறவருக்குத் தண்ணீரும் தின்பண்டமும்தான். வெளிநாடு செல்லும் சில விமானங்களில் மட்டுமே மது உண்டு. அங்கும் அது வேலையில் ஒரு சிறு பகுதி. பணிப்பெண்களை விமானத்தில் ஏற்றுவதே உயிர்காக்கத்தான். ஒரு புது வகை விமானத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தாக வேண்டும். நெருக்கடியில் அந்த 90 விநாடியை நடத்திக் காட்டப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள். தீயணைப்பது, முதலுதவி செய்வது, கதவைத் திறந்து சறுக்குப்பாதையை விரிப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

நம்பிக்கை: பணியாளர் ராத்திரி கொஞ்சம் குடித்தாலும் காலையில் தெளிந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது?

உண்மை: விமானம் கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது தொடக்கூடாது என்கிறது இந்திய விமான விதி. அதோடு விடவில்லை. 12 மணி நேரம் கழிந்திருந்தாலும், மூச்சிலோ இரத்தத்திலோ சிறுநீரிலோ ஆல்கஹாலின் தடயமே இருக்கக்கூடாது. நம் சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை சட்டம் விட்டுக்கொடுக்கிறது. பிரிட்டன் தன் விமானப் பணியாளர்களுக்கு 20 மில்லிகிராம் வரை விடுகிறது. அமெரிக்காவில் இடைவெளி 8 மணி நேரம்தான். இந்திய விமானத்தில் பணிக்கு ஏறும் பெண்ணுக்கு அனுமதி பூஜ்யம். கடுங்காப்பியும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் தூக்கத்தைக் கலைக்குமே தவிர, ஆல்கஹாலை வெளியேற்றாது. அதைக் கல்லீரல்தான் தன் வேகத்தில் கரைக்க வேண்டும்.

நம்பிக்கை: பரிசோதனையெல்லாம் கண்துடைப்பு. பெரிய இடத்து ஆள் தப்பித்துவிடுவார்.

உண்மை: பணியாளர்கள் இந்த மூச்சுப் பரிசோதனையை ‘பி.ஏ. டெஸ்ட்’ என்பார்கள். பணிக்கு வந்து ‘ரிப்போர்ட்டிங்’ முடிந்ததும் கருவியில் ஊத வேண்டும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரை அது காட்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்திய விமானம் என்றால், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில் ஊத வேண்டும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தால் அந்த இடம் திருச்சி. முதல் முறை மாட்டினால் 3 மாதம் பறக்க முடியாது. இரண்டாம் முறை 3 ஆண்டு. மூன்றாம் முறை நிரந்தரத் தடை. ஊத மறுத்தாலோ, நழுவிப் போனாலோ அதுவும் குற்றமே. 2018 நவம்பரில், ஏர் இந்தியாவின் விமான இயக்கப் பிரிவு இயக்குநராக இருந்த மூத்த விமானியே டில்லியில் இப்படி மாட்டினார். அது அவருக்கு இரண்டாம் முறை. உரிமம் 3 ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது.

நம்பிக்கை: மருந்துதானே, அதிலென்ன?

உண்மை: போன முறை எங்கள் தெருப் பெண் லீவில் வந்திருந்தபோது நேரில் பார்த்தேன். உடம்பெல்லாம் வலி என்றாள். அம்மா தசமூலாரிஷ்டத்தை மூடியில் ஊற்றி எடுத்து வந்தார். அவள் பாட்டிலை வாங்கித் திருப்பி, லேபிளில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். “வேண்டாம்மா. நாளைக்கு ரிப்போர்ட்டிங். சுக்குத்தண்ணி போட்டுக் கொடு” என்று கீழே வைத்துவிட்டாள். அம்மாவுக்கு மனத்தாங்கல்தான். ஆனால் மகள் செய்தது சரி. அரிஷ்டங்கள் நொதிக்க வைத்துச் செய்பவை; அவற்றில் ஆல்கஹால் தானாகவே ஊறிவிடும். ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிக்கும் திரவத்தையும் பல் ஜெல்லையும் கூடத் தொடக்கூடாது என்று இந்திய விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2023-இல் விதியைத் திருத்தியது. அப்படிப்பட்ட மருந்து சாப்பிட வேண்டியிருந்தால், பறக்கும் முன் நிறுவன மருத்துவரைக் கேட்டாக வேண்டும். பழைய சோற்றைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். அது புளிப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தால். முதல் ஊதலில் கருவி ஏதாவது காட்டினாலும், வாய் கொப்பளித்துவிட்டு 15 முதல் 20 நிமிடம் கழித்து மறுபடி ஊத வாய்ப்பு உண்டு.

நம்பிக்கை: பயணி கேட்டால் மது கொடுத்தே ஆக வேண்டும். தகராறு வந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அதோடு முடிந்தது.

உண்மை: போதும் என்று நிறுத்தும் அதிகாரம் பணியாளர்கள் கையில் இருக்கிறது. பையில் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து குடிக்கவும் விடக்கூடாது. 2022 நவம்பர் 26 அன்று, நியூயார்க்கிலிருந்து டில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், போதையில் இருந்த ஒருவர் மூதாட்டி மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. அடுத்த மாதமே பாரிஸ்–டில்லி விமானத்தில் இதேபோல் இன்னொரு அசிங்கம். அதில் சம்பந்தப்பட்டவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்ட பெண்ணும் வழக்கு வேண்டாம் என்றார். ஆனாலும் டி.ஜி.சி.ஏ. விடவில்லை. பாரிஸ் சம்பவத்தைப் பற்றித் தகவல் சொல்லாததற்காக நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். நியூயார்க் சம்பவத்துக்கு 30 லட்சம். அந்த விமானத்தின் கேப்டன் உரிமம் 3 மாத நிறுத்தம். கேபின் பணியாளர் நால்வர் விசாரணை முடியும்வரை பறக்கவில்லை. இப்படி ஏதாவது நடந்தால் பணிப்பெண் கேப்டனிடம் சொல்ல வேண்டும். விமானம் இறங்கிய 12 மணி நேரத்துக்குள் தகவல் டி.ஜி.சி.ஏ.-வுக்குப் போக வேண்டும். பயணிகள் தங்களுக்குள் சமாதானமாகிப் போவது வேறு. புகார் எழுதும் கடமை வேறு. அதற்குப் பிறகு ஏர் இந்தியா தன் விதிகளைத் திருத்தி, பயணியின் போதையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அளக்கக் கற்றுக்கொடுத்தது. ‘கடைசியா ஒண்ணு’ என்று கெஞ்சினாலும் இளகக்கூடாது, குரலை உயர்த்தவும் கூடாது என்றது. குடித்தவரிடம் முகம் சுளிக்காமல் ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாதா?

வரன் பார்க்கும் வீட்டாருக்கும் டீக்கடைப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஊத்திக் கொடுக்கிற வேலை’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகும் நம் பிள்ளைகளின் உயிர், ஒரு துளியும் தொடாமல் வேலைக்கு வரும் அந்தப் பெண்களின் பொறுப்பில்தான் இருக்கிறது.