பயிருக்குப் பாயும் நீர்

நுழையுமுன்

கீரையைக் கையில் எடுத்தவுடன் அதன் நிறத்தையும் மணத்தையும் அறிகிறோம். அது எந்த நீரில் வளர்ந்தது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. அந்த நீரை ஆராய்ந்து அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

மைசூரு மாவட்டத்தின் விளைநிலங்களுக்குக் காவிரியும் கபினியும் வளம் சேர்க்கின்றன. கண்ணம்பாடியில் கட்டப்பட்ட கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர் வருணா கால்வாய் முதலியவற்றின் வழியே வயல்களை அடைகிறது. கன்னடத்தில் ‘கெரே’ எனப்படும் ஏரிகளும், கிணறுகளும், ஆழ்துளைக் கிணறுகளும் பாசனத்திற்குத் துணைநிற்கின்றன. இந்நீரால் விளைந்த காய்கறிகளும் கீரைகளும் பண்டிபாளையச் சந்தைக்கும் தேவராஜ அங்காடிக்கும் வந்து நம் வீடுகளைச் சேர்கின்றன.

இவற்றுள் சமைத்து உண்பன சில. பச்சையாகவே உண்பன சில. மைசூரு வீடுகளில் விழா நாள்களில் செய்யப்படும் கோசம்பரியை எண்ணிப் பாருங்கள். ஊறவைத்த பாசிப்பருப்புடன் வெள்ளரிக்காயும் கேரட்டும் கொத்தமல்லித் தழையும் அதில் சேர்கின்றன. அவை அடுப்பில் வேகுவதில்லை. சமைக்கும்போது வெப்பத்தால் அழியக்கூடிய நோய்க்கிருமிகள், பச்சைக் காய்களில் உயிருடன் தங்கிவிடக்கூடும். ஆகவே, பாசனநீரின் தூய்மை இத்தகைய பயிர்களுக்கு இன்றியமையாதது.

நீர் மாசடைவது எங்ஙனம்?

மைசூரு நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்ய வித்யாரண்யபுரம், ராயனகெரே, கேசரே ஆகிய மூன்று இடங்களில் நிலையங்கள் உள்ளன. எந்நகரத்திலும் தூய்மை செய்யப்படாத கழிவுநீர் ஓடைகளில் கலந்தால் அது கீழ்ப்பகுதி வயல்களைச் சென்றடையும். தூய்மை செய்யப்பட்ட நீரிலும், கிருமிநீக்கம் செய்யாவிடில், நுண்ணுயிரிகள் எஞ்சியிருக்கும். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் மழைநீர் சாணத்தையும் மலத்தையும் அடித்துக்கொண்டு வந்து சேர்க்கும்.

இதன் விளைவு எளிதன்று. 1884ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் ஆராய்ந்த இராபர்ட் காக், மக்கள் குளிக்கவும் துவைக்கவும் பருகவும் பயன்படுத்திய குளத்துநீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் மைசூருக்கு அருகிலுள்ள கே. சாலுண்டி என்னும் சிற்றூரில், மாசடைந்த நீரைப் பருகிய பலர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். ஓர் இளைஞர் உயிரிழந்தார். அது குடிநீரால் நேர்ந்த துயரம். பாசனநீராலும் இத்தகைய தீங்கு நேரும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூமா பகுதியில் விளைந்த இலைக்கோசுக்கீரையைப் பச்சையாக உண்ட 210 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். நோய்க்குக் காரணமான அதே பாக்டீரியா அப்பகுதியின் பாசனக் கால்வாய் நீரிலும் காணப்பட்டது.

சுட்டிக்காட்டும் உயிரி

நீரில் இருக்கக்கூடிய நோய்க்கிருமிகள் பலவகை. அவை ஒவ்வொன்றையும் தேடுவது அரிது. எனவே, அறிவியலார் எஸ்செரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவைத் தேடுகின்றனர். 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷ்செரிச் இதனை விவரித்தார். இது மனிதர், கால்நடைகள் ஆகியோரின் குடலில் வாழ்வது. இதன் வகைகளுள் பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. ஆயினும், நீரில் இது காணப்பட்டால் அந்நீரில் மலம் கலந்துள்ளது என்பது தெளிவு. மலம் கலந்த வழியே காலராவும் குடற்காய்ச்சலும் வரக்கூடும். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போன்றதே இச்சோதனை.

சோதனை நடைபெறும் முறை

முதலில், கிருமிநீக்கம் செய்த புட்டியில் நீர் மாதிரியை எடுக்க வேண்டும். புட்டியின் வாயையும் மூடியின் உட்புறத்தையும் கையால் தொடுதல் கூடாது. ஆழ்துளைக் கிணறாயின் சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டபின் பிடிக்க வேண்டும். மாதிரியைப் பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து, இயன்றவரை 6 மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். காலம் தாழ்ந்தால் பாக்டீரியாக்கள் பெருகவோ மடியவோ கூடும், எண்ணிக்கை பிழைபடும்.

ஆய்வகத்தில் அந்நீரை 0.45 மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்துளைகள் கொண்ட சவ்வின் வழியே வடிகட்டுவர். நீர் கீழிறங்கும்; பாக்டீரியாக்கள் சவ்வின்மேல் தங்கும். அச்சவ்வை ஊட்டப்பொருளின்மீது வைத்து, 44.5 செல்சியசு வெப்பத்தில் 24 மணி நேரம் காப்பர். தங்கிய ஒவ்வோர் உயிரியும் பல்கிப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். 1 மில்லிலிட்டர் நீரை வடிகட்டியதில் 12 புள்ளிகள் தோன்றினால், 100 மில்லிலிட்டரில் 1,200 இருந்தன என்று கணக்கிடுவர்.

ஆய்வகம் இல்லாத ஊர்களுக்கெனக் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அறிவியலார் எளிய முறை ஒன்றை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஊட்டப்பொருள் தோய்த்து உலர்த்திய தாள் இட்ட புட்டியில் நீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் வைப்பர். மலத்தோடு வரும் பாக்டீரியாக்கள் இருப்பின் அவை ஹைட்ரஜன் சல்பைடு வளியை உண்டாக்கும். அவ்வளி தாளிலுள்ள இரும்புடன் சேர்ந்து நீரைக் கருமையாக்கும். நிறம் மாறுவதே விடை.

அளவும் முடிவும்

குடிநீர்க்கான இந்தியத் தரத்தின்படி 100 மில்லிலிட்டரில் ஈ. கோலை ஒன்றும் இருத்தல் கூடாது. பச்சையாக உண்ணும் பயிர்களின் பாசனநீரில், மலவழிக் கோலிபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 1,000க்கு மிகாதிருத்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1989ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நம் நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகுப்புகளாகப் பகுத்துள்ளது. அவற்றுள் பாசனத்திற்குரிய வகுப்பு அமிலகாரத் தன்மை, உப்பு, போரான் ஆகியவற்றுக்கு வரம்பு கூறுகிறது. பாக்டீரியாவிற்கு வரம்பு கூறவில்லை. பயிர் வாடாதிருக்க வேண்டியதும், உண்போர் நலமாயிருக்க வேண்டியதும் இருவேறு தேவைகள் என்பதை இங்கு உணர்தல் வேண்டும்.

ஒரு முறை செய்த சோதனை அந்நாளின் நிலையை மட்டுமே கூறும். கோடையில் தெளிந்திருந்த நீர் முதல்மழைக்குப் பின் மாறிவிடலாம். எனவே, பருவந்தோறும் சோதித்தல் நன்று.

சோதனையில் குறை காணப்பட்டால் உழவர் நிலத்தைத் தரிசாக விட வேண்டுவதில்லை. கழிவுநீர் கலந்த நீரே கோடையிலும் வற்றாது கிடைக்கும் ஒரே நீராகப் பல உழவர்க்கு உள்ளது. அந்நீரைப் பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சாமல், சமைத்து உண்ணும் தானியங்களுக்கோ மரங்களுக்கோ பயன்படுத்தலாம். இலைமேல் தெளிப்பதை விடுத்துச் சொட்டுநீர்ப் பாசனம் செய்யலாம். தரையை ஒட்டி வளரும் பயிரிலும் இதனால் கிருமிகள் நூறில் ஒரு பங்காகக் குறையும். அறுவடைக்குச் சில நாள்கள் முன்பே அந்நீரை நிறுத்தினால் வெயிலும் உலர்ச்சியும் கிருமிகளை அழிக்கும். வீட்டில் நல்ல நீரில் கழுவுவதும் தேவை. ஆனால், அது கிருமிகளைப் பத்தில் ஒரு பங்காகவே குறைக்கும். ஆகவே, சமையலறையில் மட்டும் தூய்மையைத் தேடினால் போதாது. கிணற்றடியிலேயே அது தொடங்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மைசூரில் அமைந்துள்ளது. செலுவாம்பா மாளிகையில் 1950ஆம் ஆண்டு இது தொடங்கப்பெற்றது.

அருஞ்சொற்பொருள்

மாதிரி – சோதனைக்காக எடுக்கப்படும் சிறுபகுதி
வளி – காற்று, வாயு
தரிசு – பயிரிடப்படாத நிலம்
குடற்காய்ச்சல் – டைபாய்டு

இலக்கணக் குறிப்பு

விளைநிலம் – வினைத்தொகை
காவிரியும் கபினியும் – எண்ணும்மை
வற்றாது – எதிர்மறை வினையெச்சம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கன்னடத்தில் ஏரியை ______ என்பர்.
2. நீர் மாதிரியை இயன்றவரை ______ மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

ஆ. குறுவினா
1. எஸ்செரிச்சியா கோலை நீரில் காணப்படுவது எதனைச் சுட்டுகிறது?
2. 10 மில்லிலிட்டர் நீரை வடிகட்டியதில் 35 புள்ளிகள் தோன்றின. 100 மில்லிலிட்டரில் எத்தனை இருக்கும்? பச்சையாக உண்ணும் பயிருக்கு அந்நீர் ஏற்றதா?

இ. சிறுவினா
1. நிறமாற்றத்தால் நீரின் மாசினை அறியும் முறையை விளக்குக.
2. ‘கழுவினால் மட்டும் போதாது’ – காரணம் கூறுக.

ஈ. நெடுவினா
உம் ஊர் உழவர் ஒருவரின் கிணற்றுநீரில் மலக்கலப்பு இருப்பதாகச் சோதனை காட்டுகிறது. அவர் கொத்தமல்லி பயிரிட்டுள்ளார். அவர் செய்யத்தக்கவற்றைக் கூறிக் கடிதம் ஒன்று வரைக.

உ. கற்பவை கற்றபின்
உம் வீட்டில் ஒரு வாரத்தில் பச்சையாக உண்ணப்படும் காய்களையும் தழைகளையும் பட்டியலிட்டு, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் கன்னடப் பெயர்களையும் எதிரெதிரே எழுதுக.