குடத்திலே ஓலை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. அக்குடத்தையும் ஓலையையுமே கொண்டு கண்ணின் இயல்பொன்றை ஆராய்வோம்.

கெட்டிக் காகிதத்தில் மூன்றங்குல விட்டமுள்ள வட்டமொன்று வெட்டுக. இடவோரத்தும் வலவோரத்தும் துளையிட்டு நூல் கட்டுக. ஒருபுறத்தின் கீழ்ப்பாதியில், வாய் நடுவிலமையக் குடம் வரைக. நூல்களை அச்சாகக் கொண்டு வட்டத்தை மேல்கீழாகப் புரட்டி, மறுபுறத்து மேற்பாதியில் ஓலை வரைக. அதன் நுனி நடுவிற்குச் சற்றே கீழிறங்குக. நூல்களை முறுக்கி இழுத்தால் வட்டம் விரைந்து சுழலும். ஓலை குடத்துள் நிற்கக் காண்போம். முதன்முறை நாம் ஏட்டின் பக்கத்தைத் திருப்புவதுபோல் திருப்பி வரைந்தோம். ஓலை குடத்தின்மேல் தலைகீழாய்ப் படிந்து தோன்றிற்று!

காரணம் யாதெனின், கண்ணிற் பட்ட உருவம் உடனே மறையாது. வினாடியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு நிலைக்கும். அதற்குள் மறுபுறம் வருதலால் இரண்டும் ஒன்றாய் இயைகின்றன. தௌமட்ரோப் எனப்படும் இதனை 1825-இல் லண்டன் மருத்துவர் ஜான் ஏர்ட்டன் பாரிஸ் பரப்பினார். 1832-இல் பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாட்டோ சித்திரங்களை அசைந்தாடச் செய்யும் வட்டத்தை அமைத்தார்.

ஓலை குடத்தில் வீழவேயில்லை. வீழ்ந்ததாகக் கண் கூறிற்று. கண் ஏமாறுமென்பதை நம் முன்னோரும் அறிந்தனர் போலும். சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐவிரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, யாவரும் கேட்க வாசித்தல் வேண்டுமென்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. ஆதலின், மாணவர்காள், கண்டதை மெய்யெனக் கொள்ளுமுன் வட்டத்தை நிறுத்தி இருபுறமும் நோக்குமின்.